நாலங்குல வளையம்

காணாமல் போனதில் முதலில் வெளியே தெரிந்தவை துணிக்கொடியில் இருந்த மரக் கிளிப்புகள். பிடிமானம் போன சட்டை ஒன்று காற்றில் கிளம்பிப் போய்ப் பக்கத்து வீட்டு மோட்டார் அறைக் கூரையில் கைகளை விரித்துப் படுத்துக்கொண்டது. அதை எடுக்க ஏணி சாத்திக்கொண்டிருந்த குழாய்க்காரரிடம் பக்கத்து வீட்டம்மா, "என்னண்ணே, சட்டை கோவிச்சுக்கிட்டு வந்துருச்சா?" என்று கேட்டாள்.

"உங்க மோட்டார் ஏன் அப்படி இருமுதுன்னு பாத்துட்டு வரச் சொல்லி நாந்தான் அனுப்புனேன்" என்றார்.

குழாய்க்காரர் வேலைக்குப் போகும்போது ரெஞ்சை மறந்திருக்கிறார், சீல் டேப்பை மறந்திருக்கிறார், ஒருமுறை போக வேண்டிய வீட்டையே மறந்து வேறொரு வீட்டுக் குழாயைக் கழற்றியிருக்கிறார். வாயை மட்டும் மறந்து வைத்துவிட்டுப் போனதில்லை. அடைத்த சாக்கடைக்குள் தோள்வரை கையை விட்டபடியே வீட்டுக்காரர்களைச் சிரிக்க வைப்பார். கல்யாணமான நாளிலிருந்து மனைவியையும் அப்படித்தான் சமாளித்து வந்தார். அந்த அம்மாள் லேசில் சிரிக்கிற ஆள் இல்லை. உதட்டோரத்தில் தையல் விட்டதுபோல் கொஞ்சம் விரியும், அவ்வளவுதான். அதற்கே இவர் அன்றைக்குப் பூராவும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிவார்.

பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் தலைமைத் தையல்காரியாக இருந்தவள். தெருவுக்கே அவள் டைலரம்மா. புருஷனுக்கும் டைலரம்மாதான். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, ஒன்றுவிட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் இயந்திரத்தோடு படுத்திருந்து வருவது அவள் வேலையாகிவிட்டது. இடது கையில் இரண்டு ஊசி. ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போகும். அலசப்பட்டு மற்றதன் வழியாகத் திரும்பி வரும். அது முடிகிறவரை, கிட்டத்தட்ட அரை நாள், அந்தக் கையை அசைக்கக் கூடாது. மாற்றுச் சிறுநீரகம் வைக்க அவள் இதயம் தாங்காது என்று டாக்டர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். வருஷக்கணக்காக இப்படியே போய்க்கொண்டிருந்தது.

சட்டை பறந்ததற்குச் சில நாள் முன்பு, ஒருநாள் காலையில் உருளைக்கிழங்கை நறுக்கித் தண்ணீரில் ஊறப் போட்டுக்கொண்டிருந்தவள், தீப்பெட்டி தீர்ந்துபோயிற்று என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

"இனிமே நான் ஆஸ்பத்திரிக்கு வரலைங்க."

"சரி விடு. ஆஸ்பத்திரிய இங்க வரச் சொல்லிருவோம்."

"விளையாட்டில்ல. டாக்டர்கிட்டக் கேட்டுட்டேன். நிறுத்தறதுன்னா நிறுத்தலாம், உங்க இஷ்டம்னாரு. மூச்சு முட்டாம, வலி தெரியாம பாத்துக்கறதுக்கு வீட்டுக்கே நர்சை அனுப்புவாங்களாம்."

"எப்பக் கேட்ட?"

"நீங்க கார் வந்துருச்சான்னு பாக்கப் போனீங்கல்ல, அப்ப."

குழாய்க்காரர் ஒரு துண்டு உருளைக்கிழங்கை எடுத்து, திருப்பிப் பார்த்து, மறுபடி தண்ணீரில் போட்டார்.

"ரொம்ப வலிக்குதா?"

"வலிச்சாத் தேவலையே. மரத்துப் போச்சு. அங்க போனா கூரையப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கேன். வீட்டுக்கு வந்தா அடிச்சுப் போட்ட மாதிரித் தூக்கம். எந்திரிச்சா மறுபடியும் கூரை. இதுக்கு எதுக்கு இவ்வளவு ஏற்பாடு?"

அவள் சொன்னதில் குழாய்க்காரர் கூரையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தொழில் புத்தி அப்படி. தண்ணீர் வரவில்லை என்றால் எங்கோ அடைத்திருக்கிறது. அடைத்த இடத்தைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. அவர் கணக்குப்படி அடைப்பு கூரையில் இருந்தது. அவள் பார்ப்பதற்கு வேறு ஏதாவது செய்துகொடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

வெளியூரில் இருக்கும் மகளிடம் போனில் சொன்னார். அவள் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு வீடியோ அனுப்பினாள். அதில் ஒரு பெண், சுற்றிலும் முளைகள் நட்ட ஒரு வளையத் தறியை மடியில் வைத்துக்கொண்டு, முளைகளில் நூலைச் சுற்றிச் சுற்றிக் கொக்கியால் எடுத்து மாட்டினாள். வளையத்துக்கு நடுவே பின்னல் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

"ஊசி வச்சுப் பின்றதுக்கு ரெண்டு கையும் வேணும்பா. இதுக்கு ஒரு கை போதும். அம்மாவோட வலது கை சும்மாதான இருக்கு? கடையில ரெடிமேடா கிடைக்குது, வாங்கி அனுப்பவா?"

"ஒரு வளையத்துக்குக் கடைக்குப் போறதா? என் பொழப்பே வளையம்தானம்மா" என்றார்.

அந்த ரோஷத்தில்தான் வீடு கலகலத்தது. முதல் தறியைச் செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டியில் செய்தார். சுற்றிலும் ஐஸ் குச்சிகளைச் செருகிப் பசை தடவி ஒட்டினார். கட்டிலில் படுத்திருந்த டைலரம்மா நூலை இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்தாள். குச்சிகள் எல்லாம் மரியாதையாகக் குனிந்து வணக்கம் சொல்லின.

"நூல் இழுக்கும்னு தெரியாதா உங்களுக்கு?"

"பணிவான தறியா இருக்கட்டும்னு பாத்தேன்."

இரண்டாவதற்கு வெண்ணெய் டப்பாவின் அடியை அறுத்து, விளிம்பைச் சுற்றிச் சீப்பின் பற்களை உடைத்து ஒட்டினார். அதில் நூல் வழுக்கியது. ஒரு பல் தெறித்து அவர் நெற்றியில் பட்டது. டைலரம்மா அதைக் கையில் வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் கழுத்துப்பட்டியைக் கோணலாகத் தைத்துக் கொண்டுவந்தால் பார்ப்பாளே, அதே பார்வை.

"முளையோட தலையில நூல் உக்கார ஒரு பள்ளம் வேணும். இல்லேன்னா வழுக்கத்தான் செய்யும். அப்புறம் இதைப் பிடிச்சுக்கறது யாரு? ஒரு கையில நான் நூலச் சுத்துவேனா, இதப் பிடிப்பேனா?"

அவள் இவ்வளவு பேசி நாளாகியிருந்தது. குழாய்க்காரர் திட்டு வாங்கியவர்போல் முகத்தை வைத்துக்கொண்டு, உள்ளுக்குள் துள்ளிக்கொண்டு தன் சாமான் கொட்டகைக்குப் போனார்.

மூன்றாவதுதான் நின்றது. வேலையில் மிச்சமான நாலங்குலக் கழிவுநீர்க் குழாயிலிருந்து ஒரு வளையம் அறுத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்தார். கொடியிலிருந்த மரக் கிளிப்புகளைக் கழற்றி, ஸ்பிரிங்கை எறிந்துவிட்டு, ஒவ்வொன்றையும் இரண்டு குச்சிகளாக்கினார். கயிறு உட்காருவதற்கு அதில் ஏற்கெனவே பள்ளம் இருந்தது. வளையத்தில் ஓட்டை போட்டுக் குச்சிகளைச் செம்புக் கம்பியால் இறுக்கிக் கட்டினார். பழைய குடைக்கம்பி கொக்கி ஆயிற்று. மை தீர்ந்த பேனாக் குழலுக்குள் நூலைக் கோத்துக் கொடுத்தார். பேனாவைப் பிடிப்பதுபோல் பிடித்தால் ஒற்றைக் கையாலேயே முளைகளைச் சுற்றி வரலாம். வளையத்தின் அடியில், சுவரோடு குழாயைப் பிடித்து வைக்கிற கொண்டி ஒன்றை முடுக்கினார். ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கக் கம்பியில் அதை மாட்டலாம், கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வரலாம்.

போனில் படத்தைப் பார்த்த மகள் கேட்டாள்: "நல்லாத்தான்பா இருக்கு. ஆனா ரொம்பச் சின்னதா இருக்கே, இதுல தொப்பி வராதே. என்ன பின்றதுக்குச் செஞ்சீங்க?"

குழாய்க்காரர் அதை யோசித்திருக்கவே இல்லை. கையில் கிடைத்த அளவில் அறுத்துவிட்டார்.

"என்ன வரும் இதுல?"

"குழாய்தான் வரும்."

"பாத்தியா, பரம்பரைத் தொழில் விட்டுப் போகல" என்றார்.

டைலரம்மா கொக்கியை வாங்கி ஒரு வரி போட்டுப் பார்த்தாள். வழுக்கவில்லை. மகளுடைய பழைய பள்ளி ஸ்வெட்டரைப் பிரிக்கச் சொன்னாள். குழாய்க்காரர் போலீசில் பிடிபட்ட திருடன்போல் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நிற்க, கரு நீல நூல் நெளிநெளியாக அவர் கைகளில் ஏறி, அங்கிருந்து உருண்டையாயிற்று. உருண்டையைக் கையில் எடைபார்த்தபடி அவள் சொன்னாள்:

"இந்த வீட்டுல இருக்கற பழைய நூல் தீர்ற வரைக்கும் வர்றேன். தீந்ததும் நிறுத்திருவேன். அப்ப என்னை ஒண்ணும் கேக்கக் கூடாது."

"சரி தாயே, உத்தரவு."

"அப்படியில்ல. சிரிக்காமச் சொல்லுங்க."

குழாய்க்காரர் சிரிக்காமல் சொல்லிப் பார்த்தார். முதல் தடவை வரவில்லை. இரண்டாம் தடவை, "சரி" என்று மட்டும் வந்தது.

டயாலிசிஸ் வார்டில் சிஸ்டர் தறியைக் கையில் வாங்கி, "இது எங்க இருந்த குழாய்?" என்று கேட்டாள்.

"புத்தம் புதுசு சிஸ்டர். இன்னும் ஒருத்தரும் திறந்து வைக்கல."

அவள் ஸ்பிரிட்டால் எல்லா முளைகளையும் துடைத்த பிறகுதான் கட்டில் கம்பியில் மாட்ட விட்டாள். "ஊசி போட்ட கை அசைஞ்சுது, பிடுங்கிருவேன். நீலமோ பச்சையோ, அந்தக் கைமேல எதையும் போட்டு மூடவும் கூடாது. எனக்கு ஊசி தெரிஞ்சுக்கிட்டே இருக்கணும்."

பக்கத்துக் கட்டிலில் ஒரு லாரிக்காரர். லாரி இப்போது மச்சான் கையில் இருந்தது. பட்டம் மட்டும் இவரிடம் மிச்சம். ஒருக்களித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"அக்கா, என்னது அது? யானைக்குட்டிக்குக் காலுறையா?"

"தெரியலை தம்பி. பின்னிப் பாத்தாத் தெரியும்."

"ஒரு காலுக்கே இவ்வளவு நேரம் ஆகுதே. நாலு கால் முடியறதுக்குள்ள குட்டி பெரிசாயிருமே."

டைலரம்மாவின் உதட்டோரம் கொஞ்சம் விரிந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற குழாய்க்காரருக்கு அது தெரிந்தது. மாதக்கணக்காக அவர் தலைகீழாக நின்றும் கிடைக்காதது, மல்லாக்கப் படுத்திருக்கிற ஆளுக்குச் சும்மா கிடைத்துவிட்டதே என்று கொஞ்சம் வயிற்றெரிச்சலாகக்கூட இருந்தது. ஆனாலும் வெளியே போய் லாரிக்காரருடைய மனைவிக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தார்.

அதற்காக அவள் தேறிவிட்டாள் என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்தால் அதே அடித்துப் போட்ட தூக்கம்தான். ரொட்டியைப் பாதி தின்று வைத்துவிடுவாள். கேட்டதற்கு மட்டும் பதில். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது கை பாட்டுக்குச் சுற்றும், எடுத்து மாட்டும், சுற்றும். முகத்தில் ஒன்றும் இருக்காது. கூரையைப் பார்க்கவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். குழாய்க்காரருக்கு அதுவே போதுமாக இருந்தது. சொட்டுகிற குழாயைத் துணி கட்டி நிறுத்துவது மாதிரிதான் இது என்று அவருக்குத் தெரியும். துணி கட்டி வருஷக்கணக்கில் ஓடுகிற குழாய்களையும் அவர் பார்த்திருக்கிறார்.

பின்னல் வளையத்துக்குள்ளிருந்து இறங்கிக் கட்டிலுக்குக் கீழே தொங்கத் தொடங்கியது. வார்டில் அதற்குப் பாம்பு என்று பெயராயிற்று. "பாம்புக்கு இன்னைக்கு எவ்வளவு வளத்தி?" என்று லாரிக்காரர் விசாரிப்பார். அவர் மனைவியும் தறி ஒன்று வேண்டுமென்று கேட்டாள். குழாய்க்காரர் ஒரு பவுடர் டப்பாவில் செய்துகொடுத்தார். அது நாள் பூராவும் மணத்தது.

நீல நூல் தீர்ந்தது. சாம்பல் நிறச் சால்வை ஒன்றைப் பிரித்தார்கள். அதுவும் தீர்கிற கட்டத்தில் குழாய்க்காரர் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு தன்னுடைய பச்சை ஸ்வெட்டரைப் பிரித்தார். அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். முதலில் ஒரு கை. அது தீர்ந்ததும் இன்னொரு கை. கொஞ்ச நாள் கையில்லாத ஸ்வெட்டரைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு அலைந்தார். பிறகு உடம்பையும் பிரித்துவிட்டார். காலையில் பனியில் பல் அடித்துக்கொள்ள வேலைக்குக் கிளம்புவார். "குளிரலையா?" என்று அவள் கேட்டால், "வேர்க்குது" என்பார்.

ஒரு பிற்பகல். ஆஸ்பத்திரி இல்லாத நாள். டைலரம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, தறியை மேசை விளிம்பில் மாட்டி வைத்துப் பின்னிக்கொண்டிருந்தாள். பச்சை நூல் கொஞ்சமே மிச்சம் இருந்தது. குழாய்க்காரர் ஒரு புது நூல்கண்டை, காகிதப் பட்டைகூடக் கழற்றாமல், அவள் பக்கத்தில் பூனைக்குட்டியை விடுவதுபோல் மெதுவாக வைத்தார்.

"இது என்ன?"

"பரண்ல கிடந்துச்சு."

"பரண்ல கடைக்காரன் உக்காந்திருந்தானா?"

அவர் காகிதப் பட்டையை நகத்தால் சுரண்டினார்.

"இந்தப் பச்சை எதுன்னு தெரியாதுன்னு நினைச்சீங்களா? முழங்கை கிழிஞ்சு நான் ஒட்டுப் போட்ட ஸ்வெட்டர். ஒட்டுப் போட்ட இடத்துல நூல் ரெட்டையா வந்துச்சு."

"தெரிஞ்சா அன்னைக்கே கேக்க வேண்டியதுதான?"

"அதுவும் வீட்டுல இருந்த பழைய நூல்தான. கணக்குல சேரும். இது சேராது. எடுத்து வச்சிருங்க." கொக்கியை வைத்துவிட்டு அவள் வலது கை விரல்களை நீட்டி மடக்கினாள். "எப்படி முடிக்கறது இதை? வீடியோவில இருந்துச்சா?"

"அந்தப் பொம்பள பாதியிலயே நிறுத்திட்டா."

"நிறுத்துனது அவளா, நீங்களா?"

குழாய்க்காரர்தான் நிறுத்தியிருந்தார். பாம்பு தரையைத் தொட்டபோதே ஒருநாள் அந்த வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்து, 'இனி முடிப்பது எப்படி என்று பார்ப்போம்' என்று அந்த வீடியோப் பெண் சொன்ன இடத்தில் விரலை வைத்து நிறுத்திவிட்டார். முடிக்கத் தெரியாத வேலையை யாரும் முடிக்க முடியாதல்லவா. அந்தப் புத்திசாலித்தனத்தில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. சீருடைக்குப் பொத்தான் துளை தைத்துத் தைத்தே தேய்ந்த ஒருத்திக்கு ஒரு பின்னலை முடிக்கத் தெரியாது என்று அவர் நம்பியதுதான் அதில் வேடிக்கை.

"எனக்கு வேற மாதிரி முடிக்கத் தெரியும்," என்றாள் அவள். "இதுக்குன்னு ஒரு வழி இருக்கும்ல. அதை நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க. நீங்க சொல்லித்தான் முடிக்கணும்."

"ஏன் நான்?"

"நானா முடிச்சா, உங்களுக்குத் தெரியாம முடிச்சுட்டேன்னு ஆயிரும். அது வேண்டாம்."

இரண்டு நாள் கழித்து மதியம், கட்டிமுடியாத வீடொன்றின் குளியலறையில் குழாய்க்காரர் பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். சுவரில் தண்ணீர் வரும் வாய்கள் எல்லாம் அடைப்பான் வைத்து மூடியிருந்தன. சிமெண்டு வாடை. மேலே கொத்தனார் யாரிடமோ கோபித்துக்கொண்டிருந்தார். போனை முழங்காலில் சாய்த்து வைத்து, நிறுத்திய இடத்திலிருந்து ஓடவிட்டார்.

அந்தப் பெண் சிரித்த முகத்தோடு நூலை வெட்டினாள். ஊசியில் கோத்தாள். முதல் முளையிலிருந்த கண்ணிக்குள் ஊசியை விட்டு, கண்ணியை முளையிலிருந்து தூக்கினாள். அடுத்தது. அடுத்தது. கடைசியில் நூலை இழுத்தாள். பின்னலின் வாய் சுருங்கி மூடிக்கொண்டது. 'எவ்வளவு சுலபம் பார்த்தீர்களா' என்றாள்.

குழாய்க்காரர் அதை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஷவர் குழாயை முடுக்கத் தொடங்கினார். மேலேயிருந்து கொத்தனார், "என்னண்ணே, இன்னைக்குச் சத்தத்தையே காணோம்?" என்று கேட்டார். அதற்கு ஒரு பதில் இருந்திருக்கும். தேடிப்பார்க்கத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே உட்கார்ந்தார்கள். கடைசி வரியை அவள் போட்டாள். மிச்சம் ஒரு முழம் பச்சை நூல். அதை ஊசியில் கோத்து அவரிடம் நீட்டினாள்.

"நீங்க எடுங்க."

"என் விரலுக்கு இதெல்லாம் அடங்குமா?"

"அடங்கும். கண்ணிக்குள்ள விடுங்க. கீழேருந்து மேல. அப்படியில்ல, முளைக்கு ஒட்டி. ஆங். இப்பத் தூக்குங்க."

ரெஞ்சு பிடித்துத் தடித்த விரல்கள். ஒரு கண்ணி நழுவி வரி பிரியப் பார்த்தது. அவள் பதறாமல் கொக்கியால் பிடித்துக் கொடுத்தாள். அவர் கண்ணி கண்ணியாகத் தூக்கிக்கொண்டே வந்தார். முளைகள் ஒவ்வொன்றாக வெறும் துணி கிளிப்பு ஆயின. கடைசிக்கு முன்னால் கை நின்றது. அவள் அவசரப்படுத்தவில்லை. ஜன்னலுக்கு வெளியே யாரோ மிதிவண்டிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள், அந்தச் சத்தம் நின்றது, அவர் தூக்கினார். பின்னல் வளையத்துக்குள்ளிருந்து கனமாக நழுவி அவர் மடியில் விழுந்தது.

"இழுத்து முடிச்சுப் போடுங்க. ரொம்ப இறுக்காதீங்க, சுருங்கிரும்."

போட்டார்.

"இது எதுக்கு ஆகும்?" என்று கேட்டார்.

"கழுத்துல சுத்திக்கங்க. ஸ்வெட்டர்தான் இல்லையே."

டாக்டருக்கு அவளே போன் செய்தாள். மகளுக்கு அவர் செய்தார். "நீங்க எப்படிப்பா சரின்னு சொன்னீங்க?" என்று மகள் கேட்டாள். "சிரிக்காமச் சொல்லிட்டேன்மா" என்றார். மகளுக்கு அது புரியவில்லை. மறுநாள் மாலை வந்து சேர்ந்துவிடுவதாகச் சொன்னாள்.

யாருக்கெல்லாமோ சொன்னவர்கள் கார்க்காரரை மறந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி நாள் அல்லவா, காலையில் வழக்கம்போல் வாடகைக் கார் வந்து வாசலில் ஹாரன் அடித்தது. குழாய்க்காரர் வெளியே போனார். கழுத்தில் நீலமும் சாம்பலும் பச்சையுமாகப் பின்னல்.

"அக்கா ரெடியாண்ணே?"

"இன்னைக்கு இல்லப்பா."

"நாளைக்கு மாத்திட்டாங்களா?"

"இல்ல. இனிமே வர வேண்டாம்."

கார்க்காரர் என்ஜினை அணைத்தார். எதையோ கேட்க வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்து, மறுபடி என்ஜினைப் போட்டார். குறுகலான தெரு. வண்டியை முன்னும் பின்னும் ஒடித்துத்தான் திருப்ப வேண்டும். குழாய்க்காரர் வழக்கம்போல் பின்னால் போய் நின்று கை காட்டினார். "வாங்க. வாங்க. சுவர் இருக்கு. இடது பக்கம் ஒடிங்க. இப்ப நேரா." கார் முனை திரும்பிப் போகிறவரை அங்கேயே நின்றார்.

உள்ளே டைலரம்மா வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது, தூங்கவில்லை.

"அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பிட்டேன்."

"பாவம், வெறுமனே வந்துட்டுப் போகுது."

கட்டிலின் இந்தப் பக்கம் அவர் உட்கார்ந்தார். அவளுடைய இடது கை போர்வைக்கு வெளியே கிடந்தது. அவ்வளவு நாளும் மூடக் கூடாது என்று இருந்த கை. போர்த்திவிடலாமா என்று எடுத்தவர், முழங்கைக்குக் கீழே, ஊசிக்காக நரம்பை அறுத்துச் சேர்த்திருந்த மேட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். இத்தனை வருஷத்தில் அந்த இடத்தை அவர் தொட்டதில்லை. தொட்டால் வலிக்குமோ என்று பயம். உள்ளே ரத்தம் விறுவிறுவென்று ஓடுவது அவர் கையில் அதிர்ந்தது. சுவருக்குள் ஓடும் தண்ணீரைக் கைவைத்தே கண்டுபிடிக்கிற ஆள் அவர். நல்ல வேகம். எங்கேயும் அடைப்பே இல்லை.

"என்ன பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல" என்றார். கையை எடுக்கவில்லை.